சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் மின்னஞ்சல் போய்ச் சேராதபோது

அனுப்பிய மடல் சேரவில்லை என்று தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது, ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலைத் திறந்து டிஎன்எஸ் பதிவுகளை (டொமைனின் தளமும் மடலும் எந்த சர்வரைச் சேர வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்பவை) ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. இதனால் ஒரு கோளாறு இரண்டாகிறது; எது முன்பே இருந்தது, எது நாம் உண்டாக்கியது என்று பிரித்தறியவும் முடியாமல் போகிறது. ஆகவே எதையும் தொடுவதற்கு முன், மடல் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கண்டறிய வேண்டும்.

திரும்பி வந்த அறிவிப்பு மடல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலுள்ள நீண்ட ஆங்கில வரிகளைக் கண்டு மிரள வேண்டாம்; தேட வேண்டியது மூன்று இலக்க எண் ஒன்றைத்தான். அந்த எண் 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. அனுப்பும் சர்வர் தானாகவே சில நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் அது இறுதியான மறுப்பு. உடன் வரும் 5.1.1 என்ற குறியீடு அப்படியொரு முகவரியே இல்லை என்பதையும், 5.2.2 பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டதையும் குறிக்கும், 5.7 என்று தொடங்குபவை பெரும்பாலும் அனுப்பியவர் மீதான நம்பிக்கையின்மையைக் குறிக்கும். மறுத்த சர்வரின் பெயரும் அங்கேயே இருக்கும். அது நம் சர்வராக இருந்தால், மடல் வாசலைத் தாண்டவே இல்லை என்று பொருள்.

மின்னஞ்சல் செயலியே பிழை காட்டி நின்றால், அதன் அமைப்புகளில் போர்ட் எண்ணை, அதாவது சர்வரோடு இணையும் வாயிலின் எண்ணைப் பாருங்கள். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பலவும் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால், 587 அல்லது 465-ஐப் பயன்படுத்த வேண்டும்.

வெளியிலிருந்து வரும் மடல்கள் எவையுமே சேரவில்லை என்றால், டொமைன் காலாவதியாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு டொமைனுக்கு வரும் மடல்களை எந்த சர்வர் பெற வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுக்கு வாருங்கள். அந்தப் பதிவு ஒரு சர்வரின் பெயரைச் சுட்ட வேண்டும். ஐபி எண்ணை நேரடியாக எழுதினால் செல்லாது. டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறோரிடத்திலும் வாங்கியவர்கள், டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை வெளியிடும் நேம்சர்வர் எந்த நிறுவனத்தைச் சுட்டுகிறதோ அங்கேதான் பதிவைத் திருத்த வேண்டும். மற்ற பேனலில் எத்தனை முறை திருத்தினாலும் உலகத்துக்கு அது தெரியாது. திருத்தம் உடனே பரவுவதும் இல்லை. பழைய பதிவின் டிடிஎல் மதிப்பு, அதாவது அதை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கலாகும் நேரம், 86,400 வினாடிகள் என்றிருந்தால், ஒரு நாள் வரை பழைய விடையே சிலருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இதைவிட நயவஞ்சகமான கோளாறு ஒன்று உண்டு. இணையதளம் ஒரு ஹோஸ்டிங்கில் இருக்க, மின்னஞ்சலை மட்டும் கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாற்றியிருப்பீர்கள். வெளியார் அனுப்பும் மடல்கள் ஒழுங்காக வரும். இணையதளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து வர வேண்டியவை மட்டும் வராது. காரணம், பழைய சர்வர் இன்னமும் அந்த டொமைனின் மடல்களைத் தன்னுடையவை என்றே கருதி, எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமல், யாரும் திறக்காத தன் பழைய பெட்டியிலேயே போட்டுக்கொள்கிறது. பெட்டி அங்கே இருப்பதால் பிழை அறிவிப்பும் வருவதில்லை. சிபேனல் என்ற கண்ட்ரோல் பேனலில் ஈமெயில் ரூட்டிங் என்ற பகுதிக்குச் சென்று, உள்ளூர் என்பதை ரிமோட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

மடல் சேர்ந்தும் ஸ்பேம் பெட்டியில் விழுகிறது என்றால், எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்), டிகேஐஎம் (மடலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மடலை என்ன செய்வது என்ற அறிவுறுத்தல்) ஆகிய மூன்று டிஎன்எஸ் பதிவுகளையும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தன் பயனர்களுக்கு மடல் அனுப்பும் எவரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிய சேவையைச் சேர்க்கும்போது அதன் வழிகாட்டியைப் பார்த்து இரண்டாவது பதிவொன்றை எழுதிவிடுவதே நடைமுறையில் அடிக்கடி காணும் பிழை. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. புதிய சேவையின் பெயரைப் பழைய பதிவுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டவும் கூடாது. டிகேஐஎம் சாவி நீளமானது என்பதால், ஒட்டும்போது ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் பொய்த்துப்போகும். ஜிமெயில் முகவரி ஒன்றுக்குச் சோதனை மடல் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்தால், மூன்றின் முடிவும் மேலேயே தெரியும். டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே ரிஜெக்ட் (reject, தேறாததை மறு) என்று வைக்காதீர்கள். நன் (none, எதுவும் செய்யாதே) என்று தொடங்கி, வரும் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் பெயரில் அனுப்பும் சேவைகள் அனைத்தும் தேறிய பிறகு இறுக்குங்கள்.

தொடர்புப் படிவம் அனுப்பும் மடலில், அனுப்புநர் இடத்தில் பார்வையாளரின் முகவரியை வைப்பதும் தவறு. அவருடைய டொமைனின் பெயரில் அனுப்ப உங்கள் சர்வருக்கு அனுமதி இல்லை. அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியை வைத்து, பார்வையாளருடையதை ரிப்ளை-டு என்ற இடத்தில் இடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், பகிர்வு ஹோஸ்டிங்கில் உங்களோடு அதே ஐபி எண்ணைப் பயன்படுத்தும் வேறொருவரால் அது ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறியிருக்கலாம். அதை நீக்கவைப்பதும், அந்த எண் எந்த சர்வர் பெயருக்குரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவைச் சரிசெய்வதும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கையில்தான் உள்ளன. அவர்களுக்கு எழுதும்போது, மடல் போகவில்லை என்று மட்டும் எழுதாமல், அனுப்பியவர், பெறுபவர் ஆகிய இரு முகவரிகளையும், அனுப்பிய நேரத்தை நேர மண்டலத்துடனும், திரும்பி வந்த அறிவிப்பை முழுமையாகவும் சேர்த்து அனுப்புங்கள். சர்வர் பதிவேட்டில் அந்த ஒரு மடலைத் தேடி எடுக்க இவை அவர்களுக்குத் தேவை.