ஐடிலில் ஆடும் டர்போ வண்டி: லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் ஷெட்டுக்கு ஒரு பையன் வந்தான். ஸ்டேஜ் 2 டியூன் (சக்தி கூட, லேப்டாப் வழியாக இன்ஜின் கணினியின் கணக்கை மாற்றுவது), டர்போ காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், ஓப்பன் ஃபில்டர், இன்ஜின் ஆவியோடு வரும் எண்ணெயைப் பிடிக்க ஜே.சி. ரோட்டில் வாங்கிய கேட்ச் கேன். ஓடும்போது வண்டி அம்பு மாதிரி போகிறது. சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் நின்றால் ஸ்டீயரிங் உதறுகிறது, ஆர்பிஎம் முள் 700-க்கும் 1100-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது.

"அண்ணா, டியூன்ல ஐடில கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாயிடும்ல?"

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் ஒரு இடத்தில் கேட்டேன். "ஆயிடும் சார்" என்றார்கள்.

பிளக், காயில், அழுக்கு ஃபில்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றிய வண்டி என்று பிளக் இடைவெளியை 0.5 மி.மீ.க்கு இறுக்கிவிட்டு, ஐடில் ஏன் ஆடுகிறது என்று கேட்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.7 பக்கம் போதும்.

ஓட்டையை டியூனால் அடைப்பது

என் வண்டி அப்போது பழைய ஆக்டேவியா, 1.8 டர்போ. சில்க் போர்டு சிக்னலில் அரை மணி நேரம் நின்றால் பல் கிட்டும் அளவுக்கு ஆடும். டியூனர் ஸ்கேனரை மாட்டினார். லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம், அதாவது இன்ஜின் கணினி தன் கணக்குக்கு மேல் கூட்டியோ குறைத்தோ ஊற்றும் பெட்ரோல், ஐடிலில் +18 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் +2.

இந்த இரண்டு எண்ணிலேயே விஷயம் முடிந்துவிட்டது. ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் நாக்கிலேயே தெரியும். ஒரு குடம் பாலில் அதே கரண்டி தெரியாது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அதனால் கணக்கில் வராமல் நுழையும் காற்று பெரிதாகத் தெரிகிறது. வேகம் ஏறியதும் அது கரைந்துபோகிறது. ஐடிலில் அதிகம், மேலே போனால் குறைவு என்றால் முதலில் தேட வேண்டியது காற்று ஓட்டை.

அவர் தேடவில்லை, நானும் தேடச் சொல்லவில்லை. ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) கணக்கை ஐடில் பகுதியில் கூட்டி, ஐடிலை 1000-க்கு ஏற்றி விட்டார். ட்ரிம் பூஜ்யத்துக்கு வந்தது, வண்டியும் அடங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

இதில்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. ஓட்டை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்த ட்ரிம். சாட்சியைக் கலைத்துவிட்டு, கேஸ் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

ஓட்டை இருந்த இடம், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இன்ஜின் அடிப்பகுதிக் (கிராங்க்கேஸ்) காற்று போகும் ஹோஸில், மேனிஃபோல்டுக்கும் ஒருவழி செக் வால்வுக்கும் நடுவே. ஐடிலில் மேனிஃபோல்டு உறிஞ்சும், வெளிக்காற்று உள்ளே போகும். பூஸ்ட் ஏறினால் அதே பிளவு வழியாக, சென்சார் எண்ணி முடித்த காற்று வெளியே பீய்ச்சும். எண்ணிய காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது, காற்று மட்டும் இல்லை. எட்டு மாதம் இப்படி ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடி, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தது. உள்ளே இருந்த தேன்கூடு உருகி வழியை அடைத்துக்கொண்டது. கன்வெர்ட்டர், மறுபடி டியூன், டோயிங் எல்லாம் சேர்த்து லட்சத்துக்குப் பக்கம். ஹோஸ் 900 ரூபாய். எண்ணெயில் ஊறி ஊறி, பாயசத்தில் போட்ட அப்பளம் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது.

அதனால் ஸ்மோக் டெஸ்ட் செய்யாமல் யாரையும் லேப்டாப் திறக்க விடாதீர்கள். இன்ஜினை அணைத்து, இன்டேக்குக்குள் லேசான அழுத்தத்தில் புகை விட்டால் ஓட்டை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அப்புறம், மேனிஃபோல்டில் ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேப் சென்சார் (அழுத்தம் அளப்பது) மட்டும் வைத்து ஓடும் வண்டிகளில் ட்ரிம் பெரிதாக மாறாது. நுழைகிற காற்றால் மேனிஃபோல்டு அழுத்தமும் கூடுவதால் ஈசியு (இன்ஜின் கணினி) அதையும் எண்ணிவிடும். அங்கே ஐடில் உயர்ந்து நிற்பதுதான் அறிகுறி.

ப்ளோ-ஆஃப் வால்வு

கால் எடுத்ததும் மிச்ச பூஸ்ட்டை விடுவிக்கும் வால்வு இது. ஏர்ஃப்ளோ சென்சார் வண்டியில் "புஸ்" சத்தத்துக்காகக் காற்றை வெளியே விட்டால், கால் எடுத்த நொடியில் ரிச்சாகும். சிக்னலை நெருங்கி கிளட்ச் மிதித்தால் அணைந்துபோகும். ஸ்பிரிங் மெலிந்ததென்றால் ஐடில் வேக்யூமிலேயே திறந்துகொள்ளும். திரும்ப இன்டேக்குக்கே அனுப்பும் வகையைப் போடுங்கள். சத்தம் குறையும், பரவாயில்லை.

சென்னை கணக்கு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சாவி போட்டு இன்ஜின் ஓடாமல் பார்த்தால் மேப் சென்சார் இங்கே 91 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும், சென்னையில் 101. ஆகவே அதே இன்ஜின், அதே ஐடில், வேக்யூம் கேஜில் (மேனிஃபோல்டின் உறிஞ்சலைக் காட்டுவது) இங்கே மூன்று அங்குலம் (பாதரசக் கணக்கில்) குறைவாகத்தான் தெரியும். சென்னையிலிருந்து கேஜோடு வந்த என் மச்சான் அந்த மூன்று அங்குலத்துக்காக இன்ஜின் வால்வு வேலைக்கே நாள் குறித்துவிட்டான்.

பெரிய இன்ஜெக்டர்

டெட் டைம் (மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) எண்ணை அந்த இன்ஜெக்டருக்கென்றே போடுங்கள், அதுவும் வோல்டேஜ் வாரியாக. இல்லாவிட்டால் ஏசி போட்டு வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் ஆடும்.

பெரிய கேம்

வால்வுகளை அதிகம் திறக்கும் கேம் போட்டால் ஐடில் ஆடத்தான் செய்யும். பழகிக்கொள்ளுங்கள்.

கார்ப் க்ளீனர்

ஓட்டை தேட இதை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான டர்போ பக்கத்தில் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கேட்ச் கேன்

வெளியே மூச்சு விடும் கேட்ச் கேன் போடுகிறவர்கள் பழைய ஹோஸைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்டு பக்க முனைக்கு ஏதோ ஒரு ரப்பர் மூடியை மாட்டிவிடுகிறார்கள். பூஸ்டும் சூடும் சேர்ந்து அதை ஆறு மாதத்தில் பிளந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பையனின் வண்டியில், ஸ்மோக் மெஷினை எடுப்பதற்கு முன்னால், பெட்ரோல் வாடை இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினேன். நேராக எழுந்த புகை ஒரு இடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே போனது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

சரியான அளவில் அலுமினிய மூடி போட்டு கிளாம்ப் இறுக்கினோம். முள் 800-ல் உட்கார்ந்தது. பையன் ஐந்து நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஐடில ஏத்த வேணாமாண்ணா?" என்றான்.