தெருவில் விடப்பட்ட வளர்ப்பு நாயைக் கண்டால் என்ன செய்வது? புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

லாஸ்பேட்டையில் குப்பைத் தொட்டி ஓரம் ஒரு பக், ஈ.சி.ஆரில் நாக்குத் தள்ளியபடி ஒரு ஹஸ்கி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பால் வற்றாத லாப்ரடார். இந்த ஊரில் கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால் இவற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ‘யாராவது காப்பாற்றுங்களேன்’ என்று போடுகிறோம். அந்த யாராவது நீங்கள்தான் என்று ஆகிவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்காக இதை எழுதுகிறேன். பூனைகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1. ராத்திரி எங்கே படுக்கும்?

பிடிப்பதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். எல்லாரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நாய் காருக்குள் ஏறிய பிறகு காப்பகத்துக்குப் போன் போட்டால் ‘இடமில்லை’ என்றுதான் பதில் வரும். அவர்களிடம் நிஜமாகவே இடம் இருக்காது.

நகராட்சி வண்டியைக் கூப்பிடலாமே என்பார்கள். 2023ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அந்த வண்டியின் வேலை தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. சோபாவில் வளர்ந்த நாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே ஒரு குளியலறை, பூட்டிய வராண்டா, நண்பர் வீட்டு ஷெட் என்று ஏதாவது ஒன்று உறுதியாக வேண்டும். மொட்டை மாடி வேண்டாம், சித்திரை வெயிலில் பக் போன்ற சப்பை மூக்கு நாய் மூச்சுத் திணறியே செத்துப்போகும். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரமாவது இரண்டும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்கள் இரண்டுமே வெளியே தெரியச் சில நாள் ஆகும். தரையைக் கழுவ எல்லார் கையும் பினாயிலுக்குத்தான் போகிறது, ஆனால் பார்வோ கிருமிக்கு அது போதாது. ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

2. பிடிப்பது

துரத்தாதீர்கள், அவ்வளவுதான். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், வேகவைத்த கோழி ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிஸ்கட்டை நான் நம்புவதில்லை. ஈரல் வாசனைக்கு வராத நாய் பிஸ்கட்டுக்கு வராது.

கயிறு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: ஸ்லிப் லீஷ்தான், அதாவது இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறு. கழுத்தில் பெல்ட் மாட்டப் போனால் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். அது வேண்டாம். பழைய பெல்ட் ஏற்கெனவே இருந்தாலும் அதைப் பிடித்து இழுக்காதீர்கள், பயந்த நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

கடற்கரைச் சாலையில் திரிகிற நாய் என்றால் விடியற்காலை போங்கள். மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், நாய் மிரண்டு ஓடினாலும் சக்கரத்தில் மாட்டாது. ஆட்டோவில் ஏற்றுவதாக இருந்தால் கையில் ஒரு போர்வை வைத்துக்கொண்டு, முதலிலேயே நாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கடித்துவிட்டால், லேசான கீறலாக இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். நல்ல ஜாதி நாய், ஊசி போட்டிருப்பார்கள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

3. தொலைந்ததா, விட்டுப் போனதா?

சிக்கல் இங்கேதான். நாயை வைத்துக்கொண்டவர் ‘எவனோ கொடுமைக்காரன் விட்டுட்டுப் போயிட்டான்’ என்று கோபத்தோடு இருப்பார். நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் சாப்பாடு இறங்காமல் அதே நாயைத் தேடிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு மறுநாள் செயினை இழுத்துக்கொண்டு வரும் நாய் பெரும்பாலும் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியதாகத்தான் இருக்கும்.

சில அடையாளங்கள் உதவும். நகம் நீளமாக இருந்தால் தெருவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை என்று பொருள், தார்ச் சாலை நகத்தைத் தேய்த்துவிடும். முடி சடைபிடித்து, தோல் நோய் முற்றியிருந்தால் வீட்டிலேயே கவனிக்காமல் விட்டிருக்கலாம். பல குட்டி போட்டு மடி தொங்கிய பெண் நாய் என்றால், குட்டி விற்கிறவர்கள் இனி ஆகாது என்று கழித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரு குறிப்பிட்ட நிறக் கார் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பதும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் முடிந்த முடிவல்ல. தொலைந்து பல வாரம் ஆன நாயும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும்.

அதனால் முதலில் சிப் பாருங்கள். இந்திய கெனல் கிளப்பில் பதிவான நாய்களுக்குத் தோலடியில் மைக்ரோசிப் இருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் மருத்துவரிடம் காட்டினால் பதினைந்து இலக்க எண் வரும். தோள்பட்டைக்கு நடுவில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சிப் நகரக்கூடியது, கழுத்து, முன்னங்கால் வரை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அது வெறும் எண்தான், நாய் எங்கே போகிறது என்றெல்லாம் காட்டாது.

அப்புறம் அறிவிப்பு. ஒரு பக்கப் படம் மட்டும் போடுங்கள். மறுபக்கத்து மச்சம், ஆணா பெண்ணா, பெல்ட்டின் நிறம், இவற்றில் இரண்டையாவது வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். விலையுள்ள இனம் என்றால் போன் வரத் தொடங்கிவிடும். ‘அண்ணா, அது எங்க டாமிதான்ணா’ என்று சத்தியம் செய்வார்கள். கேட்க வேண்டியவை: போனில் உள்ள பழைய படம், தடுப்பூசி அட்டை, நீங்கள் மறைத்த அந்த அடையாளம். நாயை வளர்த்தவர் போனில் பத்துப் படமாவது இருக்கும். ஒன்றுகூட இல்லை, போன் உடைந்துவிட்டது என்பவருக்கு நாயைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லாமல் மருத்துவமனையில் சந்திப்பது நல்லது. காவல் நிலையத்தில் ‘இப்படி ஒரு நாயைக் கண்டெடுத்து வைத்திருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்கிவிட்டால், பின்னால் திருட்டுப் பழி வராது.

விட்டுவிட்டுப் போனதை யாராவது பார்த்திருந்தால் பக்கத்துக் கடையின் கேமரா பதிவை அன்றைக்கே கேளுங்கள், சில நாளில் அழிந்துவிடும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. டீயும் வடையும் சாப்பிட்டாலே அதற்கு மேல் ஆகிறது. இருந்தாலும் புகார் பதிவாகட்டும்.

4. முதல் நாள் வைத்தியம்

குளிப்பாட்டாதீர்கள். தண்ணீர், நிழல், கொஞ்சம் குழைந்த சோறும் எலும்பு நீக்கிய கோழியும், உப்பு வெங்காயம் இல்லாமல். எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குட்டிக்குப் பசும்பால் வேண்டாம், பேதியாகும்.

மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் அவ்வளவு சாதாரணம். செலவு தாங்காது என்றால் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், காலையிலேயே போய்விடுங்கள். உண்ணிக்கு என் ஓட்டு மாத்திரைக்குத்தான். மேலே பூசும் மருந்தை நாய் நக்கிவிடும். வலிப்பு வந்திருந்தால் மட்டும் மாத்திரை தருவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

5. புது வீடு

வளர்த்தவர் கிடைக்காமல் வேறு ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், அறிவிப்பில் ‘இலவசம்’ என்று எழுதாதீர்கள். கருத்தடை செய்யாமல் கொடுக்காதீர்கள், குறிப்பாக இன நாயை. வாங்குகிறவர் வீட்டை ஒருமுறை நேரில் பாருங்கள். வளர்க்க முடியாவிட்டால் திருப்பி உங்களிடமே தர வேண்டும், வேறு யாருக்கும் தரக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. ஹஸ்கியை ஏசி இல்லாத வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்த ஊருக்கு அந்த நாயைக் கொண்டுவந்ததே அநியாயம்.

பின்னர் சேர்த்தது: எல்லைக் குழப்பம்

இதைப் படித்தவர்கள் கேட்டது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். இன்னும் வடக்கே போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. நாய் கிடைத்த இடம் எந்தப் பக்கமோ அந்தக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே போ, இங்கே போ என்று அலையவிடுவார்கள். கடலூர், கோட்டக்குப்பம் பக்கம் என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கான மருத்துவ வண்டி, அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கும் கேட்டுப் பாருங்கள்.

பூனை

பெர்ஷியன் பூனைகளும் இப்போது தெருவுக்கு வருகின்றன. நெத்திலிக் கருவாடு வைத்த கூடைக்குள் தானாக ஏறும்வரை காத்திருங்கள், கையால் தூக்காதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தால் பூனை செத்துவிடும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், அரை மாத்திரைகூடக் கூடாது. பூனை இருக்கும் அறையைப் பினாயிலால் துடைக்காதீர்கள், காலை நக்கும்போது அதுவும் உள்ளே போகும்.