ஆஸ்திரேலிய விசாவில் 8503 இருக்கிறதா, பாருங்கள்

மகளின் பேறுகாலத்துக்கு மெல்போர்ன், சிட்னி என்று கிளம்பும் அப்பா அம்மாக்கள் டிக்கெட் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். 600 எண் விசிட்டர் விசா கிடைத்ததும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். எல்லோரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்குக் கீழே நாலு இலக்க எண்களாக நிபந்தனைகள் இருக்கும். 8101 என்றால் வேலை பார்க்கக் கூடாது. இது தெரிந்ததுதான். சிக்கல் 8503-இல்.

அந்த எண் இருந்தால், அங்கே இருந்துகொண்டே தங்கும் காலத்தை நீட்டிக்கவோ வேறு விசாவுக்கு மாறவோ முடியாது. அடைக்கலம் கோரும் விசா மட்டும் விதிவிலக்கு. பிள்ளைகள் ஸ்பான்சர் செய்யும் குடும்ப விசா என்றால் இந்த நிபந்தனை கட்டாயம் உண்டு.

விலக்கு கேட்க 1447 என்ற படிவம் இருக்கிறது. ஆனால் விசா கிடைத்த பிறகு, நம் கைமீறி, நிலைமையே தலைகீழாகும்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும். 'பேரனை விட்டுவர மனசில்லை' என்பதெல்லாம் எடுபடாது. விலக்கு கேட்டதாலேயே விசா தேதியும் நீளாது.

கடிதம் தொலைந்துவிட்டதா? 'வீவோ' என்ற அரசுத் தளத்தில் பாஸ்போர்ட் எண், விசா எண் கொடுத்தால் நிபந்தனைகளை இலவசமாகவே பார்க்கலாம். ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.