வெள்ளத்துக்குப் பயந்து சதுப்பில் குடிவைப்பதா? உள்ளாட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலை மாற்றம் என்றதும் பேச்சு ஐ.நா. மாநாட்டுக்கோ டெல்லிக்கோ போய்விடுகிறது. ஆனால் மழைநீர் வடிகால், குப்பை, தெருக்கடை எல்லாம் மாநகராட்சி, ஊராட்சி கையில்தான் இருக்கின்றன. ஏழை தலையில் சுமை ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பெரிய தவறு, வெள்ளத்தடுப்பு என்ற பெயரில் ஆற்றோரக் குடிசைகளை மட்டும் அகற்றுவது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்தக் குடியிருப்புகள் நிற்பதோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில்! பக்கத்துச் செம்மஞ்சேரியில் பெருமழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். நகருக்குள் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்தவர்களுக்கு வேலை தூரமாகிவிட்டது. 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது, சரி. பயண நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அதே ஆற்றங்கரையில் கான்கிரீட் கட்டடங்களை அளக்கப் போகும்போது மட்டும் டேப் ஏனோ சுருங்கிவிடுகிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) செய்தது என்று மாநகராட்சி ஒதுங்கிக்கொள்வதும் சரியல்ல. குடும்பங்களை மாற்றியே தீர வேண்டுமென்றால் அருகிலேயே இடம் தேடுங்கள். பள்ளி ஆண்டின் நடுவில் இடிக்காதீர்கள்.

அடுத்தது, திட்டத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பது. 2022இல் சென்னைக் காலநிலைச் செயல்திட்டத்தின் வரைவு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. பலர் கேட்ட பிறகே தமிழில் கிடைத்தது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் வசிப்பவர் எதைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வார்? தமிழில் போட்டால் மட்டும் போதாது. வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதுவும் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு.

குப்பையில் வேறு மாதிரித் தவறு. புது வண்டி, புது ஒப்பந்தம் என்று இறங்கும்போது, அதுவரை பிளாஸ்டிக்கைப் பிரித்து விற்று வாழ்ந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. புனே மாநகராட்சி அதற்கும் முன்பே, 2008இல், குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவான 'ஸ்வச்'சுடன் ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை எடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்தது.

"எங்களிடம் காசு ஏது?" என்று கைவிரிப்பதும் உண்டு. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனையும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. எல்லா ஊராட்சிக்கும் அது கட்டுப்படியாகாது, உண்மைதான். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது இறக்கையை அல்ல, வருமானம் யாருக்குப் போகிறது என்பதை. நிலம் உள்ளூருக்காரருடையது, லாபம் வெளியூருக்கு என்பதுதான் பல இடங்களின் கதை. ஓடந்துறையில் மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்ற பணம் ஊராட்சிக்கே வந்தது.

கடைசியாக வெயில். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. நம் ஊர்களில் இன்னும் நீர்மோர் பந்தலோடு வேலை முடிந்துவிடுகிறது. மே மாத மதியத்தில் அந்தப் பந்தலுக்குப் பத்தடி தள்ளி, ஒப்பந்தத் தொழிலாளி சாக்கடை அள்ளிக்கொண்டிருப்பார். அவருடைய வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்ற ஐ.நா. மாநாடு தேவையில்லை. ஆணையர் கையெழுத்துப் போட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.