உகாண்டாவுக்கு போர்வெல் ரிக்கோடு போகிறவர்களுக்கு

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வேலைக்கு ஆப்பிரிக்கா போகிற பையன்களை அனுப்பிவைப்பது என் வேலை. விசா, டிக்கெட்டை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். உடம்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உகாண்டா என்றதும் சிங்கம், பாம்பு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஆட்களைப் படுக்கப் போடுவது கொசு. அதற்கடுத்து பைக்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாள், எப்படிப் பதிவு என்று விசாரித்துக்கொண்டு ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் டிக்கெட் தேதியைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016லிருந்து அதுதான் விதி. சான்றிதழாகத் தருகிற மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண் சரியா, முத்திரை விழுந்திருக்கிறதா, உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலும் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். நம் நாட்டில் அந்தக் காய்ச்சல் கிடையாது, ஆனால் அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. கெடுபிடிக்கு அதுதான் காரணம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், 60 வயதைத் தொட்டவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பற்றியும் அதே நேரத்தில் கேட்டுவிடலாம்.

மலேரியாதான் பெரிய விஷயம். "நாம பார்க்காத கொசுவா?" என்பார்கள். அங்கே பெரும்பாலும் பால்சிபாரம் வகை. கவனிக்காமல் விட்டால் மூளை, சிறுநீரகம் வரை போய் ஆளையே கொண்டுபோய்விடும். இங்கே கொசுக்கடி வாங்கி வளர்ந்த உடம்பு என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. தடுப்பு மாத்திரை வேண்டும், டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் தினம் ஒன்று. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்து, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம். சாப்பிட்டுவிட்டு நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், நெஞ்சைப் புண்ணாக்கிவிடும். வெயில் பட்டால் தோல் சுடுகிற மாத்திரை அது. பகல் முழுக்க ரிக் பக்கத்தில் நிற்கிறவர்கள் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அடோவாகோன்-ப்ரோகுவானில் என்கிற மாத்திரையை எழுதினால், திரும்பிய பிறகு 7 நாள் சாப்பிட்டால் போதும்.

மலேரியா கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. நமக்கோ ராத்திரியும் ரிக் ஓடும். கம்ப்ரசர் சூட்டுக்கு லுங்கியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு கட்டிலில் சாய்ந்திருப்பான் பையன். அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். முழுக்கை சட்டை, பேண்ட், சாக்ஸ், வெளியே தெரிகிற தோலுக்கு டீட் (DEET) என்கிற ரசாயனம் உள்ள கொசு மருந்து. தூங்க மருந்து தோய்த்த வலை. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், சும்மா தொங்கவிட்டால் உள்ளே புகுந்த கொசுவுக்கு விருந்துதான்.

துணி காயப்போடுவதில் ஒரு சங்கதி. மாம்பழ ஈ என்று ஒன்று, கொடியில் கிடக்கும் ஈரத்துணியில் முட்டை வைக்கும். போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் இறங்கிக் கொப்புளமாக எழும்பும். அதனால் பனியன், ஜட்டி உட்பட எல்லாவற்றையும் நல்ல சூட்டில் இஸ்திரி போட்டுத்தான் உடுத்த வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்காத பையன் இல்லை; சிரிக்கட்டும், பெட்டிக்குள் இஸ்திரிப் பெட்டி இருந்தால் சரி.

விக்டோரியா ஏரியைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். வேண்டாம். கரையோர நத்தைகளிலிருந்து வரும் புழு, தண்ணீரில் நின்றாலே தோல் வழியாக ஏறிவிடும். குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர் அல்லது சீல் உடையாத பாட்டில். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு கட்டு எடுத்துப் போங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு ஓட வேண்டும்.

தலைநகர் கம்பாலாவில் போடா-போடா என்கிற பைக் டாக்சி சல்லிசு. ஹெல்மெட் தராதவன் வண்டியில் ஏறாதீர்கள். இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணமே வேண்டாம். வேறு நாட்டு ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் தூக்கிப்போகும் செலவும் இன்சூரன்ஸில் சேருமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், அதுவும் முதல் 3 மாதத்துக்குள் என்றால், பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். இங்கே உள்ள டாக்டர் டெங்குவா, டைபாய்டா என்றுதான் முதலில் பார்ப்பார். அவர் கேட்காவிட்டாலும் "உகாண்டாவிலிருந்து வந்திருக்கேங்க, மலேரியா டெஸ்ட் எழுதிக் கொடுங்க" என்று நீங்களே சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரிசல்ட் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையா, மறுநாளும் போய் எடுங்கள்.