புதுக் காபிக்கொட்டை வாங்கினால் முதலில் கிண்ணத்தில் சுவையுங்கள்

சிறிய அளவில் நன்றாக வறுத்துத் தரும் ஒருவரைப் புதிதாகக் கண்டுபிடித்தால், உடனே ஒரு கிலோ வாங்காமல், இருப்பதிலேயே சின்ன பொட்டலமாக இரண்டு வகை வாங்கி, கிண்ணத்துக்கு 11 கிராம் கொரகொரப்பான தூள் போட்டு, கொதி அடங்கிய வெந்நீர் 200 மில்லி ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். 4 நிமிடம் கழித்து மேலே திரண்டிருக்கும் தூளைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள், மணம் குப்பென்று எழும். மிதப்பதை வழித்தெடுத்துவிட்டு, கொஞ்சம் ஆறியதும் கரண்டியால் உறிஞ்சுங்கள்.

வடிகட்டியோ கருவியோ நடுவில் இல்லாததால், தெரிகிற வித்தியாசம் கொட்டையுடையதும் வறுத்த விதத்துடையதும்தான். சுடச்சுடக் குடித்தால் நாக்குக்குப் பாதி பிடிபடாது, வெதுவெதுப்பானபின்தான் பழப்புளிப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

வறுத்து ஓரிரு நாளே ஆன கொட்டைக்கு இது சரிவராது, உள்ளே தங்கியிருக்கும் கரியமில வாயு சுவையை மறைக்கும், அதனால் பொட்டலத்தில் வறுத்த தேதியைப் பார்த்து ஒரு வாரம் விடுங்கள். அப்புறம், எப்போதும் பால் சேர்த்தே குடிப்பவர் என்றால் பால் ஊற்றியே சோதியுங்கள், பால் இல்லாமல் அருமையாக இருக்கும் மென்வறுவல் பாலில் காணாமல் போய்விடும்.