ஒரே பெட்டிக்குள் இரண்டு விஎம்: டேட்டா காப்பியைக் குறைக்கப் போய் செய்யும் தவறுகள்

சேலத்தில் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் சின்ன ஆபீஸ்களில் சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, ரெண்டு விஎம்மும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு, நடுவுல ஒயரே இல்ல. அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவா போகுது?"

நியாயமான கேள்வி. விஎம் என்றால் ஒரு பெட்டிக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் மெய்நிகர் கணினி; அதைக் கெஸ்ட் என்பார்கள், பெட்டியை ஹோஸ்ட் என்பார்கள். கேவிஎம்மில் (லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதி) வழக்கமான விஹோஸ்ட்-நெட் அமைப்பில் (விஎம்மின் நெட்வொர்க் வேலையை ஹோஸ்ட் கெர்னலே பார்ப்பது) டேட்டா நான்கு முறை நகலாகிறது: அப்ளிகேஷனிலிருந்து கெஸ்ட் கெர்னலுக்கு, அங்கிருந்து ஹோஸ்டுக்கு, ஹோஸ்டிலிருந்து அடுத்த கெஸ்டுக்கு, கடைசியாக அதன் அப்ளிகேஷனுக்கு. இதைக் குறைக்கலாம். விஎம்முக்கென்றே செய்த விர்ட்டியோ நெட்வொர்க் கார்டைப் போடாமல், பழைய கார்டைப் போல நடிக்கும் இ1000-ஐயே வைத்திருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிசிபிடம்ப்பைப் பார்த்துப் பயந்து ஆஃப்லோடை அணைப்பது

ஆஃப்லோட் என்றால் பாக்கெட்டைத் துண்டாக வெட்டுவது, செக்சம் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) போடுவது போன்ற வேலைகளைக் கெர்னல் செய்யாமல் கார்டிடம் விடுவது. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500. ஆனால் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் திரையில் 65160 பைட் நீளமுள்ள பாக்கெட் தெரிகிறது, பக்கத்திலேயே செக்சம் தவறு என்றும் வருகிறது. உடனே ஈத்டூலில் (கார்டு அமைப்பை மாற்றும் கருவி) எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். அது பிழையே இல்லை. 1448 பைட் துண்டுகள் 45-ஐ ஒன்றாகச் சேர்த்து, ஒரே பாக்கெட்டாக அடுத்த விஎம்முக்குக் கொடுப்பதால்தான் வேகமே கிடைக்கிறது. அணைத்தால் 45 பாக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புச் சீட்டு போல 45 டிஸ்கிரிப்டர். செக்சம் ஆஃப்லோடை மட்டும் அணைத்தாலும் இப்படிப் பெரிய பாக்கெட்டாக அனுப்பும் டிஎஸ்ஓ கூடவே போய்விடும்.

"ஜீரோ காப்பி" என்றால் காப்பியே இருக்காது என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் பணம் போகிறது. ஒரு சேகோ ஆலையின் கணக்கு சர்வரில் டேட்டாபேஸ் ஒரு விஎம், பேக்கப் இன்னொரு விஎம். இரவு பேக்கப் விடியும்வரை இழுத்தது. பார்த்துக்கொண்ட தம்பி விஹோஸ்ட்-நெட்டின் ஜீரோ காப்பியை 1 என்று மாற்றினார். வேகம் கூடவில்லை, ஹோஸ்ட் சிபியு மட்டும் ஏறியது. கார்டுதான் பழசு என்று முடிவுகட்டி, முதலாளியிடம் சொல்லி விலை உயர்ந்த நெட்வொர்க் கார்டு வாங்கவைத்தார். பெட்டியை விட்டு வெளியே போகாத டிராஃபிக்குக்கு, டேப் (விஎம்மை ஹோஸ்டோடு இணைக்கும் மென்பொருள் கார்டு), பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்) வழியே ஓடும்போது, கார்டு என்ன செய்யும்?

அந்த ஜீரோ காப்பி அனுப்பும் பக்கத்துக்கு மட்டுமானது. கெஸ்டின் மெமரிப் பக்கங்களை நகராமல் பிடித்துவைத்து, நகலெடுக்காமல் கார்டிடம் கொடுக்கும். கார்டு அனுப்பி முடித்ததும் விடுவிக்கும். எதிரில் இருப்பது இன்னொரு விஎம் என்றால், அது எப்போது படிக்கும் என்று யாருக்கும் தெரியாது. லீ பஜாரில் மூட்டையை இறக்காமல் அடுத்த லாரிக்கு மாற்றச் சொன்னால், அந்த லாரி வரும்வரை முதல் லாரி மண்டி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அப்படிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று, டேப் டிவைஸில் நுழையும்போதே கெர்னல் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுகிறது. பக்கங்களைப் பிடித்துவைத்த செலவும் உண்டு, நகலெடுத்த செலவும் உண்டு. 2019-இல் லினக்ஸ் கெர்னலே இதை இயல்பாக அணைத்து வைத்துவிட்டது.

நான் போய் பெர்ஃப் டாப் (எந்த ஃபங்ஷன் சிபியுவைத் தின்கிறது என்று காட்டும் கருவி) ஓட்டியதும், அந்த நகலை எடுக்கும் எஸ்கேபி_காப்பி_யூபஃப்ஸ் மேல் வரிசையில் நின்றது. தம்பி அதை ஒருமுறை ஓட்டியிருந்தால் கார்டு காசு மிஞ்சியிருக்கும். ஜீரோ காப்பியை 0 என்று மாற்றினோம். அப்புறம் பார்த்தால் இரண்டு விஎம்மும் வேறு வேறு சிபியு சாக்கெட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையும் விஹோஸ்ட் த்ரெட்டுகளையும் ஒரே நூமா நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் பக்கத்து மெமரியும்) கட்டிப்போட்டதும் பேக்கப் நள்ளிரவுக்கு முன்பே முடிந்தது. நகல்கள் அதே நான்குதான். ஆனால் ஒரே சாக்கெட்டின் கேஷுக்குள் நடக்கும் நகலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

சின்னச் செய்திகளுக்கு எம்எஸ்ஜி_ஜீரோகாப்பி

அப்ளிகேஷனிலிருந்து கெர்னலுக்குப் போகும் நகலைத் தவிர்க்கும் வசதி இது. ஒரே தடவையில் சுமார் 10 கேபிக்கு மேல் எழுதினால்தான் பயன். அதற்குக் கீழே தொடாதீர்கள்.

ஒன்றையொன்று நம்பாத விஎம்களுக்கு நடுவில் ஷேர்டு மெமரி (ஒரே மெமரியை இரண்டும் பகிர்வது)

வேண்டாம்.

டிபிடிகே போட்டால் எல்லாம் சரியாகும் என்பது

டிபிடிகே என்பது கெர்னலைத் தாண்டி, பாக்கெட்டுகளை நேராகக் கையாளும் மென்பொருள் தொகுப்பு. அது விஎம்களை இணைக்கும் விஹோஸ்ட்-யூசரிலும் ஒரு கெஸ்டிலிருந்து எடுக்க ஒரு நகல், அடுத்த கெஸ்டில் வைக்க ஒரு நகல் என்று இரண்டு உண்டு. எடுக்கும் பக்க ஜீரோ காப்பி டிபிடிகே 16.11-இல் வந்தது, 20.11-இல் நீக்கிவிட்டார்கள். பழைய குறிப்பைப் பார்த்து அதற்கான ஃபிளாகை (அமைப்புச் சொல்லை) தேடாதீர்கள். கெஸ்ட் மெமரியை டிபிடிகே பார்க்கும்படி ஷேர் ஆன் என்று கொடுக்காவிட்டால் டிராஃபிக்கே ஓடாது. டிராஃபிக் இல்லாத நேரத்திலும் ஒரு கோர் முழுதாக நூறு சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு கோர் பெட்டியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.